புரோட்டீன் பவுடர் வாங்க முதல் நாங்கள் விடுற பிழையள்

"கனடாவில இருந்து மாமா வரேக்க ரெண்டு கிலோ பேணி ஒண்டு கொண்டு வந்தவர், குடிக்கலாமோ அண்ணை?" அனேகமா கதை இப்பிடித்தான் தொடங்கும். கேக்கேக்கையே பேணி உடைச்சு ரெண்டு கிழமை குடிச்சு முடிஞ்சிருக்கும். இன்னும் சிலர் ஜிம்மில பக்கத்தில நிக்கிறவன் குடிக்கிற அதே பேணியைத் தேடித்திரிஞ்சு வாங்கியிருப்பினம், சிலருக்கு பலாலியால சென்னைக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஆரும் பையுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்து குடுத்திருப்பினம். பேணி முதல் வந்திடுது, எனக்கு இது என்னத்துக்கு எண்ட கேள்வி கடைசியாத்தான் வருது. நான் கொக்குவில் பக்கம் ஒரு சின்ன ஜிம்முக்கு எட்டு வருசமாப் போய்வாறன், புதுசா வாற பெடியளோட கதைச்சுக் கதைச்சு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: எந்த பிராண்ட் நல்லது எண்டு பாக்கிறதுக்கு முதல் உங்கட சாப்பாட்டில எவ்வளவு குறையுது எண்டு பாக்கவேணும், அந்தக் குறைதான் எந்தப் பேணி எண்டு சொல்லும்.

போன வருசம் சித்தியின்ர மகன் வந்து நிண்டான். 21 வயசு, 65 கிலோ, கிழமைக்கு நாலு நாள் ஜிம். பவுடர் வாங்க காசு சேத்து வைச்சிருந்தவன். நான் ஒரு கொப்பித்தாளைக் கிழிச்சுக் குடுத்து நேற்று விடிய இருந்து படுக்கும்வரைக்கும் வாயில போட்டதெல்லாத்தையும் எழுது எண்டன். விடிய இடியப்பமும் சொதியும் சம்பலும், மத்தியானம் சோறு, பருப்பு, ரெண்டு துண்டு மீன், பின்னேரம் தேத்தண்ணியும் ஒரு வடையும், இரவு புட்டும் முட்டைப்பொரியலும். ரெண்டு பேருமா இருந்து கணக்குப் பாத்தம். மீனில கிட்டத்தட்ட 25 கிராம் புரோட்டீன், முட்டை ரெண்டில 12, சோறும் பருப்பும் சேந்து ஒரு 15, மற்றதெல்லாம் சேத்தால் ஒரு பத்து. மொத்தம் 60 கிராமைக் கொஞ்சம் தாண்டும். சும்மா வீட்டில இருக்கிற ஆளுக்கு ஒரு கிலோ உடம்பு நிறைக்கு 0.8 கிராம் காணும் எண்டுதான் பொதுவா சொல்லுறது, அப்பிடிப் பாத்தால் அவனுக்கு 52 கிராம், அது ஏற்கனவே வந்திட்டுது. ஆனா பாரம் தூக்கி தசை வளக்கிறவைக்கு 1.6 கிராம் அளவில எண்டு 2018 இல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒண்டு சொல்லுது, அதுக்கு மேல போனால் சராசரி ஆளுக்குப் பெருசாப் பிரயோசனம் காணேல்லை எண்டும் அதில இருக்கு. 65 ஐ 1.6 ஆல பெருக்கினால் 104. அப்ப அவனுக்குக் குறையுறது ஒரு நாளைக்கு 40 கிராம்தான்.

அந்த 40 கிராமை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள்ள போய்ப் பாத்தம். விடிய ரெண்டு அவிச்ச முட்டை, 12. பின்னேரம் வடைக்குப் பதிலா 50 கிராம் பயறை அவிச்சுத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிட்டால் இன்னொரு 12. ஒரு கைப்பிடி கச்சான் 7. முப்பதைத் தாண்டிட்டுது, இன்னும் பேணியைத் திறக்கேல்லை. மிச்சத்துக்கு இரவில ஒரு கோப்பை பால் காணும். அவன் கொஞ்சம் ஏமாந்துதான் போனான், ஆனா சேத்த காசு கையில நிண்டுது.

இப்ப பவுடரே வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கட வீடுகளில மச்சம் காய்ச்சிறேல்லை, முட்டையும் இல்லை. மேல எழுதின கணக்கில மீனையும் முட்டையையும் எடுத்துப்போட்டுப் பாருங்கோ, 37 கிராம் ஒரேயடியாப் போயிடும். அந்த நாளில 50 கிராம் காய்ஞ்ச சோயா மீற் ஒருநேரக் கறிக்குப் போட்டால் 25 கிராம் வரும், தயிரும் கடலையும் சேக்கலாம், அப்பிடியும் எட்டாட்டி ஒரு ஸ்கூப் பவுடர் உண்மையிலேயே உதவும். விடியக் காலமை வேலைக்கு ஓடுறவை, நிண்டு சமைக்க நேரமில்லாமல் தனிய அறை எடுத்து இருக்கிறவை, வருத்தத்தால எழும்பி சாப்பாடு இறங்காமல் இருக்கிறவை, இவைக்கும் அப்பிடித்தான். தேவை தெரிஞ்சு வாங்கினால் அது சாப்பாட்டில ஒரு பங்கு.

அடுத்த பிழைதான் எங்கட வீட்டில நடந்தது, இதைச் சொல்லாமல் விட ஏலாது. நான் மெலிஞ்சு இருந்த காலத்தில ஒரு கடையில போய் புரோட்டீன் எண்டு கேக்க, பெரிய பேணியைக் காட்டி இதுதான் லாபம் எண்டு தந்தவை. மூண்டு கிலோ மாஸ் கெய்னர், நிறை ஏத்தக் குடிக்கிற பவுடர். அதுக்கும் புரோட்டீன் பவுடருக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியாது. அப்பாவுக்கு அப்பவே சீனி வருத்தம், கிளினிக் போறவர். மேசையில பேணியைக் கண்டுட்டு, சத்துமா தானே, உடம்புக்கு நல்லம் எண்டு நினைச்சு அவரும் விடிய விடியப் பாலில கரைச்சுக் குடிக்கத் தொடங்கிட்டார், நான் கவனிக்கேல்லை. ரெண்டு மூண்டு கிழமையால கிளினிக்கில சீனி கூடி வர, டொக்ரர் என்ன புதுசாச் சாப்பிடுறியள் எண்டு கேட்டுத்தான் விசயம் வெளிய வந்தது. அண்டைக்குத்தான் முதல்முறையா நான் பேணியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிச்சன். உள்ளடக்கத்தில முதலாவதா நிண்டது மோல்டோடெக்ஸ்ட்ரின். அது மாப்பொருளை உடைச்சு எடுக்கிற பொடி, இனிப்புப் பெருசாத் தெரியாது, ஆனா இரத்தத்தில சீனியைக் கடகடவெண்டு ஏத்தும். நூறு கிராம் பவுடரில 15 கிராம்தான் புரோட்டீன், மிச்சம் கிட்டத்தட்ட முழுக்க மாச்சத்து. அந்தப் பேணியின்ர முன்பக்கத்தில இருந்த படத்தில இது ஒண்டும் இல்லை.

அதால லேபிளைத் திருப்பி வாசிக்கிறதை ஒரு பழக்கமா எடுங்கோ, கடையில நிண்டே வாசிக்கவேணும். ஒரு ஸ்கூப்புக்கு எத்தினை கிராம் புரோட்டீன் எண்டு மட்டும் பாத்தால் ஏமாறுவியள், ஏன் எண்டா ஸ்கூப்பின்ர அளவு பேணிக்குப் பேணி மாறும். 30 கிராம் ஸ்கூப்பில 24 கிராம் புரோட்டீன் எண்டா நூற்றுக்கு 80. 46 கிராம் ஸ்கூப்பில 20 கிராம் எண்டா நூற்றுக்கு 43 தான், பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால் 20 உம் 24 உம் ஒண்டு மாதிரித்தான் தெரியும். எப்பவும் நூறு கிராமுக்கு எவ்வளவு எண்ட நிரலைப் பாருங்கோ. பிறகு காசுக் கணக்கு. கணக்குக்காக நானே ஒரு விலையைச் சொல்லுறன், கடையில மாறும்: ஒரு கிலோ பேணி 15,000 ரூபா, நூற்றுக்கு 78 புரோட்டீன், அப்ப முழுப் பேணியிலயும் 780 கிராம், ஒரு கிராம் 19 ரூபாவுக்குக் கிட்ட வரும். மூண்டு கிலோ கெய்னர் 18,000 ரூபா, நூற்றுக்கு 15, மொத்தம் 450 கிராம், ஒரு கிராம் 40 ரூபா. பெரிய பேணி, மலிவு எண்டு தூக்கிக்கொண்டு வாறதுதான் ரெண்டு மடங்கு விலை. 2022 இல டொலர் 200 ரூபாவில இருந்து 360 க்குப் போன நாளில இருந்து இந்தச் சாமானெல்லாம் எட்டாத விலைக்குப் போயிட்டுது, அதுக்குள்ள மாப்பொடிக்கு அவ்வளவு காசைக் குடுக்கிறது எனக்குத் தாங்கேலாத விசயம்.

வேய், ஐசோலேட், கொன்சென்ரேட் எண்டு பேரைக் கேட்டே பயந்து, விலை கூடினதுதான் நல்லதாக்கும் எண்டு எடுக்கிறவையும் இருக்கினம். விசயம் சிக்கலில்லை. பாலைத் திரைச்சு சீஸ் செய்யேக்க மிஞ்சுற தெளிஞ்ச தண்ணியில இருக்கிற புரோட்டீன்தான் வேய். பாலில இருக்கிற புரோட்டீனில ஒரு 20 வீதம் வேய், மற்ற 80 வீதம் கேசீன். வேயைக் காயவைச்சு நூற்றுக்கு 80 வரைக்கும் கொண்டுவந்தால் கொன்சென்ரேட், இன்னும் வடிச்சு 90 க்கு மேல கொண்டுபோனால் ஐசோலேட். வடிக்கேக்க லக்ரோஸ் எண்ட பால்ச்சீனி கிட்டத்தட்ட இல்லாமல் போகும், அதுதான் நீங்கள் கூடக் குடுக்கிற காசுக்கு வாற பிரதான வித்தியாசம். பால் குடிச்சால் வயிறு ஊதுது, காத்துப்பிரியுது, வயித்தாலை போகுது எண்டா ஐசோலேட் எடுக்கலாம், இல்லாட்டி சோயா, பட்டாணிப் புரோட்டீன் எண்டு போகலாம். பால் ஒரு கரைச்சலும் தராத ஆளுக்கு கொன்சென்ரேட் தாராளமாக் காணும். ஒண்டைக் கவனமா வைச்சிருங்கோ: பால் அலேர்ஜி வேற, லக்ரோஸ் ஒத்துவராதது வேற. பாலால தோல் தடிச்சு மூச்சு இழுக்கிற ஆக்களுக்கு அந்தக் கரைச்சலைத் தாறதே பால்ப் புரோட்டீன்தான், அவை ஐசோலேட்டையும் தொடக்கூடாது.

சைவ ஆக்களும் இதில ஒருக்கா வடிவா வாசிக்கவேணும். சீஸ் திரைக்கப் போடுற ரெனெட் சில இடங்களில கண்டுக்குட்டியின்ர வயித்தில இருந்து எடுக்கிறது, மரக்கறி ஆக்களுக்கு ஏத்தது எண்டு லேபிளில போட்டிருக்கோ எண்டு பாத்து எடுங்கோ, இந்தியச் சாமான் எண்டா பச்சைப் புள்ளி இருக்கும். கொலாஜென் பவுடர் அதைவிடப் பெரிய விசயம். முகம் மினுங்கும், முழங்கால் நோ போகும் எண்டு சொல்லி விக்கினம், கந்தசஷ்டி பிடிக்கிற அன்ரிமார் கூட அதைப் பாலுக்குள்ள போட்டுக் குடிக்கினம். அது மாட்டுத்தோலில இருந்தோ பண்டித்தோலில இருந்தோ மீன் செதிளில இருந்தோ எடுக்கிற சாமான். ஆர் என்ன சாப்பிடுறது எண்டது அவரவர் விருப்பம், ஆனா தெரியாமல் சாப்பிடப்படாது, மாடு தொடாத குடும்பத்துக்கும் ஹலால் பாக்கிற குடும்பத்துக்கும் இதைச் சொல்லத்தான் வேணும். தசைக்கு எண்டு பாத்தாலும் கொலாஜென் குறைஞ்ச சாமான், உடம்புக்கு அத்தியாவசியமான அமினோ அமிலங்களில டிரிப்டோபான் அதில இல்லவே இல்லை.

பேணியில எழுதியிருக்கிறது உண்மையோ எண்டது இன்னொரு தலையிடி. புரோட்டீன் எவ்வளவு எண்டு ஆய்வுகூடத்தில பாக்கேக்க வழமையா அளக்கிறது நைதரசனை, அதை 6.25 ஆல பெருக்கித்தான் புரோட்டீன் எண்டு எழுதுறது. அப்ப விலை குறைஞ்ச கிளைசின், டோரின் மாதிரி நைதரசன் உள்ள எதையும் கலந்துவிட்டால் எண்ணிக்கை கூடும், தசைக்குப் போறது கூடாது. 2008 இல சீனாவில பால்மாவுக்கு மெலமைன் எண்ட நைதரசன் கூடின இரசாயனத்தைக் கலந்து குழந்தையள் செத்ததும் இதே ஓட்டைக்குள்ளாலதான். உள்ளடக்கத்தில கிளைசினோ டோரினோ தனியாப் போட்டிருந்தால், அதைப் புரோட்டீன் கணக்குக்குள்ள சேத்திருக்கினமோ எண்டு பாருங்கோ, தெளிவாச் சொல்லாட்டி அந்தப் பேணியை வைச்சிட்டு வாங்கோ. இந்தியாவில விக்கிற 36 புரோட்டீன் பவுடரை கேரள டொக்ரர்மார் சோதிச்சு 2024 இல வெளியிட்ட ஆய்வில கிட்டத்தட்ட 70 வீதமானதில லேபிளில சொன்ன அளவும் உள்ள இருந்த அளவும் பொருந்தேல்லை, சிலதில பூஞ்சண நஞ்சும் இருந்தது. எங்கட கடையளுக்கும் பையளுக்கும் அங்க இருந்துதானே கனக்க வருது. எல்லா இந்தியச் சாமானும் கூடாது எண்டில்லை, வெளியார் சோதிச்ச முத்திரை இருக்கிறதாப் பாருங்கோ. இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் சேர்ட்டிஃபைட் ஃபோர் ஸ்போர்ட் எண்டு ரெண்டு முத்திரை இருக்கு, அதில பேரையும் தொகுதி இலக்கத்தையும் அவையின்ர இணையத்தளத்தில போட்டுப் பாக்கலாம், போனில ரெண்டு நிமிச வேலை.

பேணியை உடைச்சு சின்னப் பையில கட்டி விக்கிறதை வாங்கவே வாங்காதேங்கோ. காசில்லாத பெடியன் அரைக்கிலோ வாங்குவம் எண்டு நினைக்கிறது எனக்கு விளங்குது, ஆனா அந்தப் பையில தொகுதி இலக்கம் இல்லை, முடிவுத் திகதி இல்லை, உள்ள பால்மாவும் கோதுமைமாவும் கலந்திருந்தாலும் உங்களால கண்டுபிடிக்க ஏலாது. அதேபோல திரிபோஷாவை ஆரிட்டயும் இருந்து வாங்கி ஜிம் சாப்பாடாக்கிற பழக்கமும் சில இடத்தில இருக்கு. அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டுறவைக்கும் நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் 1973 இல இருந்து அரசாங்கம் குடுத்துவாற சாப்பாடு. ஒரு பிள்ளையின்ர பங்கு அது.

போட்டியில ஓடுறவை, கிரிக்கெட், உதைபந்து எண்டு மாகாணம், தேசியம் விளையாடுறவை முத்திரை இல்லாததைக் கையாலயும் தொடப்படாது. இயற்கை, மூலிகை எண்டு எழுதியிருந்தால் பயமில்லை எண்டு நினைக்கிறவைக்கு 2011 உலகக் கிண்ணம் ஞாபகம் இருக்கவேணும், உபுல் தரங்க தோள்மூட்டு நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தால ஊக்கமருந்துச் சோதனையில பிடிபட்டு மூண்டு மாசத் தடை வாங்கினவர். வேணுமெண்டு செய்தியளோ தெரியாமல் செய்தியளோ எண்டு பாத்து விடமாட்டினம், உடம்புக்குள்ள இருந்தால் பொறுப்பு உங்களுக்குத்தான்.

மரத்தில இருந்து வாறது எல்லாம் சுத்தம் எண்டும் எடுக்காதேங்கோ. 2025 இல அமெரிக்காவில கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எண்ட நுகர்வோர் அமைப்பு 23 புரோட்டீன் பவுடரும் பானமும் சோதிச்சதில தாவரப் புரோட்டீனில ஈயம் பால்ப் புரோட்டீனைவிடச் சராசரியா ஒன்பது மடங்கு கூட இருந்தது, செடி மண்ணில இருந்து இழுக்கிறது அப்பிடியே வரும். இடைக்கிடை குடிக்கிறவை பதறத் தேவையில்லை, ஆனா ஒரு நாளைக்கு மூண்டு ஸ்கூப் எண்டு வருசக்கணக்காக் குடிக்கிறவை யோசிக்கவேணும்.

சிறுநீரகம் பழுதாகும் எண்டு எல்லா அம்மாமாரும் சொல்லுவினம். சிறுநீரகம் நல்லா இருக்கிற ஆளுக்கு நான் மேல சொன்ன அளவால பழுதாகினதாக் காட்டின ஆய்வு இல்லை. ஏற்கனவே பழுதாகி இருக்கிற ஆளுக்குக் கதை வேற, கூடின புரோட்டீன் அவைக்கு உண்மையிலேயே கூடாது, அது பழுதாகத் தொடங்கேக்க கனபேருக்கு ஒண்டும் தெரியிறதுமில்லை. சீனி, பிறஷர் இருக்கிறவை, வடமத்திய மாகாணம், வவுனியா பக்கம் அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் உள்ள குடும்பத்து ஆக்கள், பவுடர் வாங்க முதல் ஒருக்கா சிறுநீரகம் எப்பிடி எண்டு காட்டுற கிரியட்டினின் இரத்த ரெஸ்ட் செய்து டொக்ரரிட்டக் காட்டுங்கோ. ஜிம் ஆக்கள் பலத்துக்கு எடுக்கிற கிரியட்டின் பவுடரும் குடிக்கிறவை எண்டா ரெஸ்டுக்குப் போகேக்க அதையும் மறக்காமல் சொல்லவேணும், அது சும்மாவே அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

வயசான ஆக்களுக்கு இது தேவையில்லை எண்டு நினைக்கிறது எங்கட பெரிய பிழை. என்ர பார்வையில ஜிம் பெடியனைவிட எங்கட அம்மம்மாமாருக்குத்தான் புரோட்டீன் குறையுது. பல்லில்லாமல் மீன் சாப்பிடாமல், இரவுக்கு ரெண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் எண்டு படுக்கிறவை, பிறகு காலில பலமில்லாமல் கிணத்தடியில விழுறவை. 65 வயசுக்கு மேல கிலோவுக்கு 1 தொடக்கம் 1.2 கிராம் வேணும் எண்டுதான் இப்ப சொல்லினம். அவைக்கு இனிப்பில்லாத வேயை விடியக் கஞ்சியில கலந்து குடுக்கலாம், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கட்டிகட்டியாத் திரண்டிடும், சத்துப் போகாது ஆனா குடிக்க மாட்டினம், ஆறவைச்சுக் கலவுங்கோ. எங்கட அம்மாவுக்குத் தைரொயிட் குளிசை இருக்கு, அது போட்டு நாலு மணித்தியாலம் விட்டுத்தான் பவுடர் குடுக்கிறது, பால்ச் சாமானில இருக்கிற கல்சியமும் சோயாவும் அந்தக் குளிசையை உடம்பு உறிஞ்ச விடாது. பார்க்கின்சன் வருத்தத்துக்கு லெவடோபா எடுக்கிறவையும் டொக்ரரிட்ட நேரத்தைக் கேக்கவேணும்.

எக்சசைஸ் முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்குள்ள குடிக்காட்டி எல்லாம் வீண் எண்டு ஷேக்கரோட ஓடித்திரியிறவை ஆறுதலா வீட்டை போய்க் குடிக்கலாம், நாள் முழுக்க எவ்வளவு எண்டதுதான் முக்கியம்.

கடைசியா, முதல்தரமே அஞ்சு இறாத்தல் பேணி வாங்காதேங்கோ, லாபம் எண்டு தெரிஞ்சாலும். சின்னதா ஒண்டு எடுத்து முதல் கிழமை அரை ஸ்கூப் தண்ணியில குடிச்சுப் பாருங்கோ, வயிறு ஊதினால் லக்ரோஸாகவும் இருக்கலாம், சுக்ரலோஸ் மாதிரி இனிப்பாகவும் இருக்கலாம், முகத்தில பரு கூடுதோ எண்டும் பாருங்கோ, வேயால சிலருக்கு அப்பிடி வாறது. எங்கட சித்திரை வெக்கையில தகரக்கூரைக்குக் கீழ வைச்ச பேணி சீக்கிரம் பழுதாகும், ஈர ஸ்கூப்பை உள்ள விட்டால் கட்டி பிடிச்சு மணம் மாறும். சாமியறை அலுமாரி மாதிரி நிழலான இடத்தில மூடியை இறுக்கி வைச்சு, உடைச்ச திகதியை மூடியில மார்க்கரால எழுதிவிடுங்கோ. வீட்டில சீனி வருத்தக்காரர் இருந்தால் அதுக்குப் பக்கத்திலேயே இது ஆற்ற பேணி எண்டும் பெரிசா எழுதுங்கோ.